தாண்டக் கற்கும் குதிரை

குதிரை என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எம் போன்றோரின் மனக்கண் முன் முதலில் வந்து நிற்பது உயிருள்ள குதிரையன்று. கோயில் வாகனசாலையிலுள்ள மரக்குதிரையே. வேட்டைத் திருவிழாவன்று சுவாமியைச் சுமந்து வீதிவலம் வரும் அக்குதிரை, முன்னங்கால்கள் இரண்டையும் மேலே தூக்கியபடி, எதையோ தாண்டப் போகும் பாவனையில் என்றும் நிற்கும். நெடுந்தீவுக்குச் சென்று வந்தோர் அங்கே கூட்டங்கூட்டமாக மேயும் மட்டக் குதிரைகளையும் கண்டிருப்பர். இவ்விரண்டுக்கும் அப்பால் குதிரைக்கும் எமக்கும் தொடர்பு இருந்ததில்லை. ‘சவாரி’ என்றாலுங்கூட எம்மூரவர்க்கு மாட்டுவண்டிச் சவாரிதான் நினைவுக்கு வரும். ஆதலால், கல்லூரியொன்றில் கணிதம் கற்பிக்கும் நாம், நாற்பது வயதை அண்மிய காலத்தில் குதிரையேற்றம் பயிலத் தொடங்கியபோது, உறவினரிடையே பெருஞ் சிரிப்பு எழுந்ததில் வியப்பில்லை.

தொடங்கிய விதம் மிகச் சாதாரணமானது. 2018ஆம் ஆண்டில் எமது மகளைக் கொழும்பிலுள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குக் கிழமைதோறும் அழைத்துச் சென்றோம். வேலிக்கு வெளியே நின்று பார்த்திருந்த நாம் சில மாதங்களுள் வேலிக்கு உள்ளே வந்துவிட்டோம். மகள் பரீட்சையின் பொருட்டு நின்றுகொண்டாள், நாம் நிற்கவில்லை. “இஞ்சாருங்கோ, விழுந்து கை கால் முறிஞ்சால் ஆர் பார்க்கிறது?” என்று மனைவி கேட்டாள். “தம்பி, உன்ரை கொப்பர் சைக்கிளோடை நிண்டவர்” என்று அம்மா மட்டும் சொல்லிப் பேசாதிருந்தார். நடை, துள்ளுநடை, பாய்ச்சல் என்று படிப்படியாகப் பயின்று, 2019ஆம் ஆண்டின் இறுதியில் முழங்கால் உயரத் தடைகளைத் தாண்டும் நிலைக்கு வந்தோம். எமக்கு வாய்த்தது ஒரு கிழக்குதிரை. அது எல்லாம் அறிந்தது. நாம் அதற்குக் கட்டளையிடுவதாக எண்ணிக்கொண்டிருந்த வேளைகளிலெல்லாம் அதுவே எமக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னர் இடைவெளி வந்தது. 2020 பங்குனியிலே நோய்த்தொற்றின் காரணமாக ஊரடங்கு. அதன்பின் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்த ஓராண்டு. 2022இல் பொருளாதார நெருக்கடி. எரிபொருள் நிலையத்தின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றவர்க்குக் குதிரையின் நினைவு எங்கே வரும்? 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், பழைய சப்பாத்துக்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு அப்பள்ளிக்கு மீண்டுஞ் சென்றோம். கிழக்குதிரை ஓய்வு பெற்று ஊர்ப்புறத்துக்குப் போய்விட்டது என்றார்கள். அதன் கொட்டிலில் செம்மண் நிறமும் கருமையான பிடரி மயிரும் கொண்ட பெண் குதிரையொன்று நின்றது. ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் அதற்கு இருந்தது. ஆயினும் குதிரைக்காரர், தமது மலைநாட்டு வழக்கப்படி, ‘செவலை’ என்றே அழைத்தார். நாமும் அவ்வாறே அழைக்கலானோம்.

செவலை பந்தயக் குதிரையாக இருந்தது. பந்தய வாழ்வு முடிந்த குதிரைகளுக்கு வேறு தொழில் பழக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் அது எளிதன்று. பந்தயக் குதிரை நேராகவும் விரைவாகவும் ஓடக் கற்றது. சவாரி செய்பவர் கடிவாள வாரை இறுக்கினால் ஏனைய குதிரைகள் வேகத்தைக் குறைக்கும். பந்தயக் குதிரையோ அந்தப் பிடியின் மேல் சாய்ந்துகொண்டு மேலும் விரையப் பழகியிருக்கும். ஒரே சைகைக்கு இரு பொருள்! செவலைக்கு இன்னொரு துன்பமும் நேர்ந்திருந்தது. இப்பள்ளிக்கு வருமுன் வேறோரிடத்தில் அதனைச் சில கிழமைகளுக்குள்ளேயே உயர்ந்த தடைகளைத் தாண்ட வைத்திருந்தார்களாம். ஒவ்வொரு தாண்டலிலும் வாய் இழுபட்டு நொந்திருக்கிறது. அதனால் தடையைக் கண்டால் ஒன்றில் தலைதெறிக்க ஓடும். அன்றேல் முன்னே வந்து கால்களை ஊன்றி நின்றுவிடும். நரியைப் பரியாக்குதல் இறைவனுக்கு ஒரு கணத்துத் திருவிளையாடல். அஞ்சிய பரியை அஞ்சாத பரியாக்க மனிதருக்கு மாதங்கள் பல வேண்டியிருக்கின்றன.

எமது பயிற்றுநர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். பழகாத குதிரைக்குப் பழகியவர் வேண்டும், பழகாதவருக்குப் பழகிய குதிரை வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் விதி. ஆகவே செவலையின் மீது எம்மை ஏறச் சொன்னபோது திகைத்தோம். கிழமைக்கு மூன்று நாள் தாமே அதில் ஏறிப் பழக்குவதாகவும், ஒரு நாள் மட்டும் தம் கண் முன்னே எம்மை ஏற்றப் போவதாகவும் அவர் விளக்கினார். “இது பிற்காலத்தில் மாணவரைச் சுமந்துதான் தன் தீனியைச் சம்பாதிக்க வேண்டும். ஆதலால் மாணவரின் கையை இப்போதே அறிய வேண்டும். உங்கள் கையில் அவசரம் இல்லை” என்றார். கரும்பலகையில் இருபது ஆண்டுகள் எழுதிய கைக்குக் கிடைத்த நற்சான்று அது!

குதிரை தாண்டுவதை நாம் தொலைவில் நின்று பார்க்கும்போது அது ஒரே பாய்ச்சலாகத் தோன்றும். உண்மையில் அதனை ஐந்து பகுதிகளாகப் பிரிப்பர்: அணுகுதல், எழும்புதல், வானில் நிற்றல், இறங்குதல், மீண்டும் நடையைப் பெறுதல். எழும்பும்போது பின்னங்கால்கள் மடங்கி உடல் முழுவதையும் உந்துகின்றன. வானில் முதுகு வில்லென வளைந்து கழுத்து முன்னே நீள்கிறது. இறங்கும்போது ஏறக்குறைய 500 கிலோகிராம் நிறையை முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கின்றன. இவ்வேளையில் மேலேயிருப்பவர் செய்யவேண்டிய தலையாய தொண்டு, இடையூறு செய்யாதிருத்தல்.

இவ்வுண்மையை உலகம் அறிந்துகொண்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் தடையைத் தாண்டும்போது சவாரி செய்பவர் பின்னே சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி, வாரை இழுத்துப் பிடிப்பதே முறையென்று ஐரோப்பியப் படைகளிற் கற்பித்தார்கள். அதனால் குதிரையின் வாய் கிழிபட்டது; முதுகு நொந்தது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரியான பெடெரிக்கோ கப்ரில்லி (1868–1907) என்பவர், ஆளில்லாத குதிரைகள் தாமாகத் தாண்டுவதைக் கூர்ந்து நோக்கினார். கழுத்தை நீட்டவும் முதுகை வளைக்கவும் அவற்றுக்குச் சுதந்திரம் வேண்டியிருப்பதைக் கண்டார். அங்கவடியைக் குறுக்கி, உடலை முன்னே சாய்த்து, கைகளைக் குதிரையின் வாயோடு செல்லவிடும் முறையை வகுத்தார். முதலில் அதனை ஏற்கத் தயங்கிய மேலதிகாரிகள், பின்னர் பினெரோலோ நகரக் குதிரைப்படைப் பள்ளியில் அவரையே ஆசிரியராக்கினர். இன்று உலகெங்கும் தடை தாண்டுவோர் அமரும் முறை அவரது முறையின் வழிவந்ததே. கற்பிக்கத் தொடங்குமுன் அவர் கற்போனை நோக்கினார். அதுவே அவர் பெருமை.

மீண்டும் பயிற்சிக்குச் சென்ற முதல் நாள், பழைய இடத்திலிருந்து தொடங்குவோம் என்ற எண்ணம் எமக்கு இருந்தது. அம்மையாரோ தடைகள் யாவற்றையும் அகற்றச் செய்தார். நான்கு மரக்கம்புகள் மட்டும் நிலத்திலே கிடத்தப்பட்டன. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஏறக்குறைய 1.3 மீற்றர். துள்ளுநடையில் வரும் குதிரை ஒவ்வோர் இடைவெளியிலும் ஓரடி வைத்துச் செல்ல வேண்டும். ஆறு கிழமைகள் இதுவே பாடம். செவலை முதல் நாள் அக்கம்புகளைக் கண்டே மூக்கைச் சீறியது. மூன்றாம் நாள் இரண்டை உதைத்துச் சிதறடித்தது. ஐந்தாம் கிழமையில் தலையைத் தாழ்த்தி, எண்ணி எண்ணிக் கால் வைத்தது. கம்புகள் அதற்குத் தாளம் கற்பித்தன. எமக்கும் அவ்வாறே. மூன்றாண்டு ஓய்ந்த தொடைத் தசைகள் முதற் கிழமையில் மாடிப்படி ஏறவும் மறுத்தன. தசை விரைவில் வலிமை பெறும். தசைநாரும் எலும்பும் மெல்லவே பெறும் என்பது மனிதருக்கும் குதிரைக்கும் பொதுவான விதி. தசை பலமடைந்ததைக் கண்டு அவசரப்படுவோர் தசைநாரைக் கெடுத்துவிடுவர். ஓய்விலிருந்த குதிரையை முதலில் பல கிழமைகள் நடக்க வைத்துப் பின்பே ஓட வைப்பது இதன் பொருட்டே.

ஏழாம் கிழமையில் இரு கம்புகளைப் பெருக்கற் குறிபோலச் சாய்த்துச் சிறிய தடையொன்று அமைத்தார்கள். அதன் நடுப்பகுதி தாழ்ந்திருப்பதால் குதிரை தானாகவே நடுவை நாடும். தடையின் அடியில் சற்று முன்னே ஒரு கம்பைக் கிடத்தினால், எங்கே எழும்ப வேண்டும் என்பதை அது எளிதில் மதிப்பிடும். எமது கழுத்தளவு அறிவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பாய்ச்சலில் குதிரையின் ஓர் எட்டு ஏறக்குறைய 3.6 மீற்றர். தடையைத் தாண்டி இறங்க அதில் பாதி, அடுத்த தடைக்கு எழும்ப அதில் பாதி. ஆகவே இரு தடைகளுக்கிடையே ஓரெட்டு வைக்க 7.2 மீற்றரும், ஈரெட்டு வைக்க 10.8 மீற்றரும் வேண்டும். அளவுநாடாவுடன் குதிரைக்காரருக்கு உதவிய போது, கூட்டல் விருத்தியைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் உண்டோ என்று தோன்றிற்று. தாண்டும் வேளையில் எமது கை பின்னே இழுபட்டு அதன் வாயை நோகச் செய்யாதிருக்கும் பொருட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு தோற்பட்டியைக் கட்டி அதனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் அம்மையார். மூப்பெய்திய மாணவருக்கு அஃது இழுக்கன்று. குதிரைக்கு அளிக்கும் உறுதிமொழி.

ஓர் ஆவணி மாதக் காலையில், முன்னிரவு பெய்த மழையால் நிலம் ஈரமாயிருந்தது. வழக்கமான தடையின் கீழே புதிதாக நீல வர்ணம் பூசிய பலகையொன்றை வைத்திருந்தார்கள். செவலை நன்றாகவே வந்தது, ஈற்றடியில் நின்றுவிட்டது. நாம் அதன் கழுத்தின் மேல் சரிந்து, தோற்பட்டியின் தயவால் தரையைத் தொடாது தப்பினோம். குதிரையின் கண்கள் தலையின் இரு மருங்கிலும் உள்ளன. ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதையும் அது காணும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே மிக அண்மையில் உள்ளதைக் காணாது. எழும்பும் கணத்தில் தடை அதன் பார்வையை விட்டு மறைகிறது. சற்று முன் கண்டதை நம்பியே அது பாய வேண்டும். நிறங்களையும் அது எம்மைப் போற் காண்பதில்லை. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவு. சிவப்பும் பச்சையும் மயக்கம். எக்ஸெற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆராய்ந்து கூறியதன் பயனாக, பிரித்தானியாவின் தடைப் பந்தயங்களில் செம்மஞ்சள் பூசிய சட்டங்கள் அண்மை ஆண்டுகளில் வெள்ளையாக்கப்பட்டன. மனிதர் கண்ணுக்குப் பளிச்சென்றிருப்பது குதிரையின் கண்ணுக்கு அவ்வாறில்லை.

நின்றுவிட்ட குதிரையைச் சவுக்கால் அடிப்பதே பலருக்குத் தெரிந்த மருந்து. அம்மையார் அதன் அருகிற் சென்று முதுகைத் தடவிப் பார்த்தார். சேணம் உறுத்துகிறதா, காலிற் சூடு உண்டா என்று சோதித்தார். “நோவினால் மறுக்கிறதா, அச்சத்தால் மறுக்கிறதா என்று முதலில் அறிய வேண்டும். இரண்டையும் அடியால் மாற்ற முடியாது” என்றார். நோவில்லை என்று தெளிந்ததும் பலகையைப் பக்கத்தே சாய்த்து வைத்து, தடையை நிலத்துக் கம்பாக இறக்கினார். செவலை பலகையை முகர்ந்தது. கம்பை நடந்து கடந்தது. துள்ளுநடையிற் கடந்தது. ஒருபடி உயர்த்தினார்கள், கடந்தது. கடந்த ஒவ்வொரு முறையும், அக்கணமே, கால் அழுத்தத்தை நீக்கி வாரைத் தளர்த்தச் சொன்னார். குதிரைப் பயிற்சியின் உயிர்நிலை இதுவே. அழுத்துவதால் குதிரை கற்பதில்லை. சரியாகச் செய்த கணத்திலே அழுத்தம் நீங்குவதால் கற்கிறது. காலம் தாழ்த்தி நீக்கினால் எதற்காக நீங்கியதென அது அறியாது. நீக்காமலேயே விட்டால், எது செய்தாலும் பயனில்லை என்று மனம் மரத்துவிடும். கிரேக்கராகிய ஸெனபன், கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே குதிரையேற்றம் பற்றி நூல் செய்தபோது, சினத்தோடு குதிரையை அணுகாதே என்று அறிவுறுத்தினார். இருபத்துமூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்வறிவுரைக்கு வேலை குறையவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில் எமது வகுப்பறையே நினைவில் நின்றது. 2020 முதல் 2022 வரை எமது பிள்ளைகளும் இடைவெளியில் இருந்தவர்களே. பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கைத்தொலைபேசித் திரையில் சிலர் கற்றனர். அதுவும் இல்லாதார் பலர். அவர்கள் வகுப்புக்கு மீண்டபோது ஆண்டுகள் மட்டும் ஏறியிருந்தன. உயர்தர வகுப்புக்கு வந்த மாணவன் ஒருவன் நுண்கணித வினாவின் முன் பேனையை வைத்துவிட்டு அசையாதிருந்தான். முரடன் என்று அவனைச் சொன்னவர்கள் உளர். ஒருநாள் பாடம் முடிந்தபின் அவனை இருத்திக் கேட்டதில், பின்னங்களிலேயே தளம்புகிறான் என்று தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பயிற்சியை எடுத்துக் கொடுத்தோம். “சேர், இதை ஆரும் கண்டால் சிரிப்பினம்” என்றான். சிரிப்பார் சிரிக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நாள்தோறும் அரைமணி நேரம் இருந்தோம். நிலத்திலே கிடந்த நாலு கம்பு அது. ஓராண்டின் பின் அவன் தேர்வில் எழுதிய விடைத்தாள் பிரமாதமானதன்று; ஆனால் வெறுந்தாளன்று.

செவலைக்கும் ஒரு தேர்வு வந்தது. அதன் உரிமையாளர் ஒரு வணிகர், கெட்டவரல்லர். 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் வெளிநாட்டிலிருந்து வரும் தீனியின் விலை பன்மடங்கு ஏறியிருந்தது. பயன்தராத குதிரையை எத்தனை காலம் வைத்திருப்பது? ஐப்பசி மாதத்து ஞாயிறொன்றில் வந்து பார்ப்பதாகவும், ஒரு மீற்றர்த் தடையை மாணவரொருவருடன் அது தாண்டாவிடில் விற்றுவிடுவதாகவும் சொல்லியனுப்பினார். குதிரைக்காரர் அன்றிரவு முழுதும் உறங்கவில்லையாம். “மாஸ்டர், நல்ல கைக்குப் போனா சரிங்க. போற எடம் யாருக்குத் தெரியும்?” என்று எம்மிடம் சொன்னார். அவர் கலக்கம் வீண் கலக்கமன்று. வேலை தெரியாத, நிறுத்தவும் முடியாத குதிரையை வாங்குவோர் எதற்காக வாங்குவர் என்பது அத்தொழிலில் உள்ளோர் அறிந்ததே. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றப்பட்ட வெள்ளைக் குதிரையொன்றை, ஹரி டி லேயர் என்ற குதிரையேற்ற ஆசிரியர் எண்பது டொலருக்கு வாங்கினார். ‘ஸ்னோமான்’ என்ற பெயர் பெற்ற அந்த உழவுக்குதிரை, 1958இல் அந்நாட்டின் தலைசிறந்த தடை தாண்டும் குதிரைகளை வென்றது. ஆனால் வண்டியை மறிக்க ஒரு டி லேயர் எல்லாக் குதிரைக்கும் கிடைப்பதில்லை.

குறித்த ஞாயிறு வந்தது. அம்மையார் மூன்று தடைகளை ஒரு வரிசையில் அமைத்திருந்தார்: அறுபது, அறுபது, எழுபது சென்ரிமீற்றர், இடையே ஓரெட்டு. தாமே ஏறினால் திறமை தம்முடையதென்று கணிக்கப்படும் என்பதால் எம்மை ஏற்றினார். உரிமையாளர் வந்ததும் தடைகளை நோக்கி, “இது என்ன, பிள்ளைகள் விளையாட்டா? கடைசித் தடையை ஒரு மீற்றராக்குங்கள்” என்றார். அம்மையார் ஒன்றும் பேசாது எம்மைப் பார்த்தார். மேலேயிருப்பவரின் சொல்லே அவ்வேளையில் முடிவானது. மறுத்தால் குதிரை விலைப்படலாம். ஏற்றால் ஒருவேளை தாண்டியும் விடலாம். செவலைக்கு ஆற்றல் இருந்தது. நெஞ்சுரம் மட்டும் இன்னும் முற்றவில்லை. அன்று ஒருமுறை தாண்டி, இறங்கும்போது இடறினால், எட்டு மாதத்து நம்பிக்கையும் அக்கம்புகளோடு சரிந்துவிடும். “இன்றைக்கு இவ்வளவுதான். நீங்கள் தடையைப் பார்க்காமல் என் கையைப் பாருங்கள்” என்றோம்.

பாய்ச்சலில் வளைந்து வந்தோம். வார் கையிலே தொய்ந்து கிடந்தது. செவலை காதுகளை முன்னே நிறுத்தி, முதற்றடை, ஓரெட்டு, இரண்டாந் தடை, ஓரெட்டு, மூன்றாந் தடை என்று, படியேறுவது போலச் சென்று, இறங்கியபின் தானாகவே துள்ளுநடைக்கு வந்தது. மீண்டும் ஒருமுறை, மீண்டும் அவ்வாறே. முன்னாளில் இதே குதிரை தடையைக் கண்டதும் தலைதெறிக்க ஓடியதை உரிமையாளர் தம் கண்ணாற் கண்டவர். சிறிது நேரம் பேசாதிருந்தார். அப்போது அம்மையார் ஒரு செய்தியை அவருக்குச் சொன்னார். 1949ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள், சிலி நாட்டின் வினா டெல் மார் நகரில், கப்டன் அல்பேர்ட்டோ லாராகிபெல் ஏறிய ‘ஹுவாசோ’ என்ற குதிரை 2.47 மீற்றர் உயரத்தைத் தாண்டியது. இன்றுவரை எந்தக் குதிரையும் அதனை விஞ்சவில்லை. அந்தக் குதிரையும் பந்தயத்தில் பயன்படாதென்று கழிக்கப்பட்டதுதான். சாதனை நிகழ்த்தியபோது அதற்கு வயது பதினாறு. “இதுவும் ஹுவாசோ ஆகும் என்று நான் சொல்லவில்லை. கழிக்கப்பட்டது எப்போது பழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன்” என்றார். உரிமையாளர் சித்திரை வருடப்பிறப்பு வரை தவணை கொடுத்தார்.

2024 சித்திரையும் வந்தது. செவலை ஒரு மீற்றரை எட்டவில்லை. தொண்ணூறு சென்ரிமீற்றரை அமைதியாகத் தாண்டியது. உரிமையாளர் அளவுகோலைக் கேட்கவில்லை. பதினான்கு வயதுச் சிறுமியொருத்தி, முதன்முறையாகத் தடை தாண்டப் பயில்பவள், அச்சத்தில் வாரைப் பற்றி இழுத்தபோதும் செவலை ஓடவில்லை. ஒரு காதை மட்டும் பின்னே திருப்பி, வேகத்தைக் குறைத்து, அவளுக்காகக் காத்துச் சென்றது. அதைக் கண்ட உரிமையாளர், பள்ளியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார். கற்பிக்கப்பட்ட குதிரை கற்பிக்கும் குதிரையாயிற்று. குதிரைக்காரர் அன்று எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினார். செவலைக்கு இரண்டு கரட் மேலதிகமாகக் கிடைத்தது.

எமது நிலை யாதென்று கேட்பீர்கள். எழுபது சென்ரிமீற்றரோடு நிற்கிறோம். அதில் எமக்குக் குறையில்லை. மனைவியும் இப்போது ஞாயிறு காலைகளில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறாள். வேலிக்கு உள்ளே வருவாளோ என்பதைக் காலந்தான் சொல்ல வேண்டும்.

இதை வாசிக்கும் வீடுகளில், இடையில் விட்டதை மீண்டும் எடுக்கத் தயங்குவோர் இருப்பர். வீணையை மூடி வைத்த தாய் இருப்பாள். நோயினால் ஓராண்டு பின்தங்கிய பிள்ளை இருப்பான். பரீட்சையில் ஒருமுறை நின்றுவிட்டு மறுமுறை அம்மேசைக்கு முன் செல்லக் கூசும் மாணவி இருப்பாள். அவர்களுக்கு அண்மையில் இருப்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விட்ட இடத்திலேயே தடையை நிறுத்தி, தாண்டு தாண்டு என்று கூவாதிருத்தல். கம்பை நிலத்தில் இறக்கி வைத்தால் அதனைக் கடப்பதில் பெருமை இல்லை என்று ஊரார் சொல்லலாம். முதற் கம்பை ஒழுங்காகக் கடந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்தக் கணத்திலே பிடியைச் சற்றுத் தளர்த்துங்கள். அடுத்த கம்பை எப்போது உயர்த்துவது என்பதை அப்பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.